கண்பார்வைக் கோடு: யாழ்ப்பாணக் குடாநாட்டின் வானலைத் தொடர்பும் கண்காணிப்பும்

முன்னுரை

வீதியொன்று திறக்கப்பட்ட நாள் கல்லிற் பொறிக்கப்படும். அவ்வீதியின் குழிகளை ஆண்டுதோறும் நிரப்பியவர் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. தொடர்பாடலின் வரலாறும் பெரும்பாலும் இம்முறையிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. முதல் தந்தி சென்ற ஆண்டு, முதல் ஒலிபரப்பு நிகழ்ந்த ஆண்டு, முதற் கோபுரம் எழுந்த ஆண்டு என்னும் தொடக்கங்களின் பட்டியலே வரலாறு என நமக்குக் கற்பிக்கப்பட்டது. தொடங்கியவை எவ்வாறு நிலைத்தன, ஏன் அறுந்தன, அறுந்ததை முதலில் அறிந்தவர் யார் என்னும் வினாக்கள் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இவ்வினாக்களே முதன்மையானவை. இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் இங்கு தொடர்புகள் பலமுறை அமைக்கப்பட்டன, பலமுறை அறுந்தன. ஆகவே இக்கட்டுரை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நேராகச் செல்லும் வானலைத் தரவுத் தொடர்பை எடுத்துக்கொண்டு, அதனை அமைத்தல், கண்காணித்தல் என்னும் இரு செயல்களையும் வரலாற்று நோக்கில் ஆராய முற்படுகின்றது. இரு கோபுரங்கள், அவற்றின் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிய இரு உணர்கொம்புகள், இடையே வெறுங் காற்று என்பதே இத்தொடர்பின் புறத்தோற்றமாகும். ஊரார் அன்ரனா என்று வழங்குவதையே ஈண்டு உணர்கொம்பு எனக் குறிப்பிடுகின்றோம். ஒலிபரப்பு ஒருவர் பலருக்குச் சொல்வது. இத்தொடர்போ இருவர் தம்முள் பேசிக்கொள்வது. இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

தந்தி முதல் நுண்ணலை வரை

காலித் துறைமுகத்திற் கப்பல் கொணர்ந்த செய்தியைக் கொழும்புக்கு விரைந்து சேர்ப்பதற்கு, 1850 முதல் கொழும்பின் ஒப்சேவர் பத்திரிகை புறாக்களைப் பயன்படுத்தியது. 1858 இல் கொழும்பையும் காலியையும் மின்தந்தி இணைத்தது. புறாக்களுக்கு வேலையில்லாது போயிற்று. தந்தியின் வலிமை கம்பியில் இருந்தது. அதன் பலவீனமும் அங்கேயே இருந்தது. நூறு மைல் நீண்ட கம்பியை ஓரிடத்தில் அறுத்தால் நூறு மைலும் ஊமையாகும்.

கம்பியின்றிச் செய்தி செல்லலாம் என்பதற்கான தொடக்க காலச் சான்றுகளுள் ஒன்று நமது துணைக்கண்டத்திலேயே கிடைத்தது. 1895 இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலையால் தொலைவிலிருந்த மணியொன்றை ஒலிக்கச் செய்தார். அவர் ஆராய்ந்த அலைகளின் நீளம் சில மில்லிமீற்றர் அளவினது. உலகம் அப்போது இத்தகைய குற்றலைகளின் பயனை உணரவில்லை. மார்க்கோனி 1901 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கச் செய்தவை நெட்டலைகள். நெட்டலை பூமியின் வளைவைத் தழுவிச் செல்லக்கூடியது. ஆயின் பெருஞ் செய்தியைச் சுமக்கும் ஆற்றல் அதற்கில்லை. குற்றலையோ மிகுந்த தரவைச் சுமக்கும். ஆனால் நேர்கோட்டிலேயே செல்லும். இவ்விரண்டனுள் ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்க வேண்டியிருந்தது.

1931 இல் இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேக்கும் இடையே, 20 சதமமீற்றரிலும் குறைந்த நீளமுடைய அலைகளால் கடலைக் கடந்து பேசிக் காட்டினர். நுண்ணலைத் தொடர்பின் வரலாறு அங்கே தொடங்குகின்றது எனலாம். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியும் ஒரு நீரிணையே அதற்கு முதற்களமாக அமைந்தமை தற்செயலன்று. பார்வை எட்டும் இடத்திற்கே நுண்ணலை எட்டும்.

அலையில் குரலுக்குப் பதிலாகக் கணினித் தரவை ஏற்றும் முயற்சியும் தீவுகளை முன்னிட்டே எழுந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் பல தீவுகளிற் சிதறிக் கிடந்தன. தொலைபேசிக் கம்பிகளோ நம்பத்தக்கனவாக இருக்கவில்லை. நோர்மன் ஏப்ரம்சன் தலைமையிலான குழுவினர் 1971 யூனில் அலோகா எனும் வலையமைப்பை இயக்கத் தொடங்கினர். அதன் வேகம் செக்கனுக்கு 9,600 பிற்று. அனுப்பிய பொதி சேர்ந்ததா என்பதற்கு மறுமுனை ஒப்புகை தர வேண்டும். ஒப்புகை வராவிடின் மீண்டும் அனுப்ப வேண்டும் என்பதே அதன் எளிய விதி. சொல்லியதோடு அமையாது, சொன்னது கேட்டதா என வினவுவதே உரையாடல் என்னும் உண்மையை அப்பொறியியலாளர் விதியாக்கினர். இன்று நாம் கையாளும் கம்பியில்லா வலையமைப்புகள் அனைத்திலும் இவ்விதியின் சாயல் உண்டு. 1985 இல் ஐக்கிய அமெரிக்கா சில அலைவரிசைகளை உரிமப்பத்திரமின்றிப் பயன்படுத்த இடமளித்தது. 1997 இல் அவற்றிற்கான பொது நியமம் வகுக்கப்பட்டது. அதன்பின் அரசாங்கத் திணைக்களங்களுக்கும் பெருங் கம்பனிகளுக்கும் மட்டுமே உரியதாயிருந்த நுண்ணலைத் தொடர்பு, ஒரு வைத்தியசாலையோ பாடசாலையோ தன் செலவில் அமைக்கத்தக்கதாயிற்று.

குடாநாட்டின் நிலமும் பார்வைக் கோடும்

இவ்வறிவை நமது நிலத்தில் வைத்து நோக்குவோம். குடாநாடு சுண்ணாம்புக் கல்லாலான சமதரை. குன்றெனச் சொல்லத்தக்கது இங்கு ஒன்றுமில்லை. மலைநாட்டில் ஒரு மலையுச்சியில் ஏறினால் பல பள்ளத்தாக்குகள் பார்வைக்கு வரும். யாழ்ப்பாணத்தில் உயரம் வேண்டுவோர் அதனைத் தாமே கட்ட வேண்டும். 1893 இல் காங்கேசன்துறையிலும் 1916 இல் பருத்தித்துறையிலும் எழுந்த வெளிச்சவீடுகள் இத்தேவையின் முந்திய சான்றுகளாகும். ஒளியும் மின்காந்த அலையே. வெளிச்சவீட்டைக் கட்டியவர் தீர்க்க முயன்ற கணக்கையே இன்றைய வானலைப் பொறியியலாளரும் தீர்க்க முயல்கின்றார்.

அக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். யாழ்ப்பாண நகருக்கும் நெடுந்தீவுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். நமது கண்ணுக்குக் கடல் தட்டையாகத் தோன்றினும், இத்தூரத்தின் நடுவே பூமி வளைந்து மேலெழுகின்றது. வளிமண்டலம் அலையைச் சற்றே முறித்து வளைப்பதையும் கருத்திற் கொண்டால், அவ்வெழுச்சி ஏறத்தாழ 23 மீற்றர் ஆகும். அதனைத் தாண்டினாற் போதுமா எனின், போதாது. அலை ஊசிமுனைக் கோடாகச் செல்வதில்லை. நடுவிற் பருத்து இருமுனையிலும் ஒடுங்கிய கதிர்போன்ற வெளியொன்றை அது வேண்டி நிற்கின்றது. பிரெஞ்சு அறிஞர் பிரெனலின் பெயரால் வழங்கும் அவ்வலயத்தின் ஆரை, 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனில், இத்தூரத்தின் நடுவே ஏறத்தாழ 35 மீற்றர். அதன் ஐந்தில் மூன்று பங்காவது தடையின்றி இருத்தல் வேண்டும் என்பது பொறியியலாளர் கொள்ளும் விதி. எனவே மரமொன்றும் இல்லாத வெறுங் கடலிலும் இருமுனைக் கோபுரங்களும் ஏறத்தாழ 45 மீற்றர் உயர வேண்டும்.

வெறுங் கடலோ இங்கில்லை. அக்கோட்டின் நடுவிற் கிடப்பது புங்குடுதீவு. அங்கே பனைகள் நிற்கின்றன. முதிர்ந்த பனை 20 மீற்றரைத் தாண்டி 30 மீற்றர் வரை வளரும். ஆகவே நேரே செல்ல விரும்புவோர் 65 மீற்றருக்குக் குறையாத கோபுரங்களை எழுப்ப வேண்டும். அல்லது புங்குடுதீவிலேயே ஓர் இடைநிலையம் அமைத்து, ஒவ்வொன்றும் 20 கிலோமீற்றரான இரு தாவல்களாகப் பிரிக்க வேண்டும். பிரித்தால் வேண்டும் உயரம், பனையையும் சேர்த்து, 40 மீற்றர் அளவிற்கு இறங்கும். உயரத்திற் சேமித்ததை வேறிடத்திற் செலவிட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. இடைநிலையத்துக்கு மின்சாரம் வேண்டும், காவல் வேண்டும், உப்புக்காற்றில் துருவேறும் ஆணிகளை மாற்ற ஓர் ஆள் வேண்டும். இரு முனைகளாயிருந்த பொறுப்பு மூன்றாகின்றது.

வலுவின் கணக்கும் வியப்பிற்குரியது. இந்த 40 கிலோமீற்றரைக் கடக்கையில் அலை இழப்பது ஏறத்தாழ 132 தெசிபெல். அதாவது புறப்பட்ட வலுவில் ஏறத்தாழ 16 இலட்சங் கோடியில் ஒரு பங்கே மறுமுனையை அடையும். உணர்கொம்புகள் அலையை ஒருமுகப்படுத்துவதால் இவ்விழப்பின் ஒரு பகுதி மீட்கப்படும். 24 தெசிபெல் பெருக்கமுடைய இரு கிண்ண உணர்கொம்புகள் ஏறத்தாழ 63,000 மடங்கை மீட்டுத் தரும். 100 மில்லிவாற்று வலுவில் அனுப்பினால், இறுதியில் வாங்கிக்கு எஞ்சுவது ஒரு வாற்றின் இருநூற்றைம்பது கோடியில் ஒரு பங்கு. ஆயினும் அது போதும். வாங்கி வேண்டி நிற்பது அதனிலும் ஏறத்தாழ நூறு மடங்கு குறைந்ததே. இந்த நூறு மடங்கே தொடர்பின் சேமநிதி. மழை, காற்றிற் சற்றே திரும்பிய கிண்ணம், நீருட்புகுந்த வடமூட்டு, வளர்ந்துவிட்ட மரம் ஆகிய யாவும் இச்சேமநிதியிலிருந்தே தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. நிதி தீரும்வரை எவருக்கும் எதுவுந் தெரிவதில்லை. தீர்ந்த அன்று தொடர்பு திடீரென அறுந்ததாகச் சொல்வோம். உண்மையில் அது பல மாதங்களாக அறுந்துகொண்டிருந்தது.

நமது கடலுக்கென ஓர் இயல்பும் உண்டு. வெப்பமான நாள்களில் பாக்கு நீரிணையின் மேற்பரப்பில் வளியடுக்குகள் ஒரு குழாய்போல் அமைந்து அலையைத் தொலைவுக்குக் கடத்திச் செல்லும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியை யாழ்ப்பாணத்து முற்றங்களில் நெடிய கம்பங்களை நாட்டிப் பார்த்த தலைமுறையினர், ஒருநாள் படம் தெளிந்தும் மறுநாள் மங்கியும் போனதை அனுபவத்தால் அறிவர். தற்செயலாகக் கிடைக்கும் அலையை அனுபவிக்கலாம். அதனை நம்பி வைத்தியசாலையொன்றை நடத்த முடியாது.

அறுந்த ஆண்டுகள்

1989 இல் கொழும்பில் செல்லிடத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. தென்னாசியாவில் அத்தகைய சேவைகளுள் அதுவே முதலாவது. அடுத்த ஆண்டு யூனில் மீண்டும் மூண்ட போருடன் குடாநாடு தன் தொலைபேசித் தொடர்பையும் தேசிய மின்வலையிலிருந்து வந்த மின்சாரத்தையும் இழந்தது. ஒரே தீவின் ஒரு முனை கம்பியில்லாக் காலத்துள் நுழைந்தபோது, மறுமுனை கம்பியும் இல்லாத காலத்துக்குத் தள்ளப்பட்டது. தொழில்நுட்ப வரலாற்றை நேர்கோட்டு வளர்ச்சியாக எழுதுவோர் இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

கொக்காவிலின் கதையும் அவ்வாண்டிற்குரியதே. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியில் அமைந்தது அது. வடக்கிற்கான தொலைக்காட்சி அலைபரப்பு நிலையம் அங்கிருந்தது. 1990 யூலையில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் அங்கிருந்த இராணுவ முகாம் வீழ்ந்தது, கோபுரமும் அழிந்தது. உயர்ந்த கோபுரம் தொலைவிலிருந்து பார்க்கப்படுவது. பார்வைக் கோட்டைத் தருவது எதுவோ அதுவே இலக்காகவும் ஆகின்றது.

அதன்பின் வந்த ஆண்டுகளில் மின்கலங்கள், எரிபொருள் முதலிய பல பொருள்களை வடக்குக்குக் கொண்டு செல்வது அரசாங்கத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். அக்காட்சி பலராலும் நினைவுகூரப்படுகின்றது. மக்களின் மதிநுட்பத்திற்குச் சான்றாகவும் போற்றப்படுகின்றது. அப்போற்றுதல் தகும். ஆயினும் அதனுள் ஓர் இழப்பும் அடங்கியுள்ளது. முன்னர் குறித்த வேறுபாட்டை ஈண்டு நினைவுகூர்க. கேட்கும் கருவி இருந்தது. மறுமொழி சொல்லும் கருவி இல்லை. உலகம் தம்மைப் பற்றிச் சொன்னதை மக்கள் கேட்டனர். அது தவறெனின் தவறென்று சொல்ல வழியில்லை. ஒப்புகை இல்லாத தொடர்பாக அது அமைந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது; ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. 2011 யூனில் கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான புதிய பல்பயன் அலைபரப்புக் கோபுரம் திறந்துவைக்கப்பட்டது. அவ்வுயரத்தின் காரணத்தை மேற்கூறிய கணக்கே உணர்த்தும். கொக்காவிலிலிருந்து யாழ்ப்பாண நகர் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். 174 மீற்றர் உயரத்திலிருந்து புறப்படும் அலையின் தொடுவானம் 54 கிலோமீற்றர் அளவில் முடியும். மறுமுனையில் 30 மீற்றர்க் கோபுரம் ஒன்றிருப்பின் மேலும் 22 கிலோமீற்றர் கூடும். இவ்வாறு குடாநாடு பெருநிலத்தின் பார்வைக்குள் மீண்டும் வந்தது. ஆனால் ஒரு கோபுரம் அழிந்ததனாற் கற்ற பாடம், இன்னும் உயர்ந்த ஒரு கோபுரத்தைக் கட்டுவது மட்டுந்தானா என்பது வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா.

தேனியிற் கற்றவை

இவ்வினாவிற்கு விடைதேடப் பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தை நோக்குதல் பயனுடைத்து. அங்கே போரில்லை, தடையில்லை. ஆயினும் தொடர்பு அறுந்துகொண்டே இருந்தது. அறுத்தவை சிறியவை, அவை நமது கிராமங்களிலும் உள்ளவையே.

மதுரையில் 1976 இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னர் கிராமங்களிற் சிறு பார்வை நிலையங்களை நிறுவியது. அந்நிலையத்தில் மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைப் பரிசோதிப்பர். தேனி மருத்துவமனையிலுள்ள மருத்துவர் காணொளி மூலம் நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார். இதற்கு வேண்டிய தொடர்பை 2000களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாக ஆய்வாளர்கள் மருத்துவமனையுடன் சேர்ந்து அமைத்தனர். வீட்டினுள் பயன்படும் மலிவான கம்பியில்லாக் கருவிகளையே கோபுரங்களில் ஏற்றி, ஒன்று முதல் பதினைந்து கிலோமீற்றர் வரையான தூரங்களை அவர்கள் இணைத்தனர்.

முதற் சிக்கல் ஒப்புகையிலேயே தோன்றியது. வீட்டுக்கென வகுத்த நியமம், அனுப்பிய பொதிக்கு ஒப்புகை சில பத்து மைக்கிரோ செக்கனுக்குள் வரும் என எதிர்பார்க்கின்றது. அலை ஒரு கிலோமீற்றரைக் கடக்க 3.3 மைக்கிரோ செக்கன் எடுக்கும். தூரம் கூடினால் ஒப்புகை வந்துசேருமுன் கருவி பொறுமையிழந்து மீண்டும் அனுப்பத் தொடங்கும். 40 கிலோமீற்றர் எனின் போய்வர மட்டும் 267 மைக்கிரோ செக்கன். ஆய்வாளர் இதனைத் திருத்தி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசவும், பல பொதிகளுக்கு ஒன்றாக ஒப்புகை தரவும் செய்தனர். இம்முறை எத்துணை வலியது என்பது 2007 இல் வெனிசுவேலாவில் இரு மலையுச்சிகளுக்கிடையே 382 கிலோமீற்றர்த் தொடர்பு அமைக்கப்பட்டபோது புலனாயிற்று.

இச்சிக்கல் அறிவாற் தீர்ந்தது. எஞ்சியவற்றைத் தீர்க்க அறிவு மட்டும் போதவில்லை. 2008 இல் இக்குழுவினர் வெளியிட்ட ஆய்வு, தொடர்பை அமைத்ததைக் காட்டிலும் அதனை உயிரோடு வைத்திருந்ததைப் பற்றியே விரிவாகப் பேசுகின்றது. பழுதுகளுக்கு முதற்காரணம் மின்சாரத்தின் தரம். மின்னழுத்தம் திடீரென ஏறும், தாழும், நிற்கும். தாழ்ந்த அழுத்தத்தில் இயங்க முயன்ற கருவி தன் நினைவட்டையையே சிதைத்துக்கொள்ளும். அழுத்தம் ஓரெல்லைக்குக் கீழ் இறங்கினாற் கருவியை முற்றாகத் துண்டித்துவிடும் ஒரு சிறு சுற்று, இத்தகைய பழுதுகளைப் பெருமளவு குறைத்தது. அரைகுறையாக இயங்குவதிலும் ஒழுங்காக நிற்பது மேல் என்பது அதன் தத்துவம்.

கண்காணிப்பிலும் அவர்கள் ஒரு பாடம் கற்றனர். தொலைவிலிருந்து கருவியை அழைத்து நலம் வினவும் வழக்கமான முறை அங்கே பயன்படவில்லை; தொடர்பு அறுந்தபின் அழைப்பதற்கு வழியேது? ஆகவே கருவிகளே குறித்த நேரத்திற்கு ஒருமுறை தம் நிலையை எழுதி அனுப்புமாறு செய்தனர். வந்த கடிதம் நிலையைச் சொல்லும். வராத கடிதமும் ஒரு செய்தியைச் சொல்லும். முதன்மைத் தொடர்பு அறுந்த வேளையில் பழுதை அறிய வேறொரு சிறு வழியையும் வைத்திருத்தல் நன்றென உணர்ந்தனர். அனைத்திலும் மேலாக, வெளிநாட்டு வல்லுநரை எதிர்பாராது உள்ளூர்ப் பணியாளரே பழுதை இனங்கண்டு கருவியை மாற்றுமளவுக்குப் பயிற்சி பெற்றபோதுதான், அம்முயற்சி பரீட்சார்த்தம் என்னும் நிலையைக் கடந்தது.

கண்காணிப்பு என்னும் சொல்

இவ்விடத்திற் சொல்லொன்றைப் பற்றிச் சிந்தித்தல் தகும். தொடர்பின் நலத்தை நாள்தோறும் அளந்து பேணும் செயலுக்குக் கண்காணிப்பு என்னும் பெயரை நாம் எளிதாகச் சூட்டுகின்றோம். ஆனால் இந்நாட்டுத் தமிழர் வாழ்வில் அச்சொல்லுக்குப் பழைய சுமைகள் உள. மலையகத் தோட்டங்களிற் கண்காணி என்பவன் கங்காணியானான், அவன் கண் தொழிலாளியின் மேல் இருந்தது, நலம் பேணுதற்கன்று. குடாநாட்டிலோ போர்க்காலத்திற் கண்காணிப்பு என்றால் காவலரணும் சோதனைச் சாவடியும் நினைவில் எழும். உயர்ந்த கோபுரம் ஒன்றைக் கண்டதும், அது தமக்காகவா, தம்மைப் பார்ப்பதற்காகவா என ஐயுறும் மக்கள் இருந்தனர். அவ்வையம் காரணமற்றதன்று.

ஆகவே கண்காணிப்பில் இருவகை உண்டு எனக் கொள்ளலாம். ஒன்று, தொடர்பைப் பயன்படுத்தும் மனிதரைப் பார்ப்பது. மற்றது, தொடர்பையே பார்ப்பது. அலையின் வலு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, எத்தனை பொதிகள் தொலைந்தன, போய்வர எத்துணை நேரமாயிற்று, மின்கலத்தின் அழுத்தம் என்ன என்பவற்றை அளப்பதற்கு எவர் எதைப் பேசினார் என்று அறிய வேண்டியதில்லை. நாடி பார்க்கும் வைத்தியருக்கு நோயாளியின் இரகசியங்கள் வேண்டாதவாறு போன்றது இது. முதல்வகைக்கு அதிகாரம் போதும். இரண்டாம் வகைக்கு அக்கறை வேண்டும். முதலாவதை எங்கோ தொலைவிலிருந்து செய்யலாம். இரண்டாவதை முனைகளில் வாழ்வோரே நன்கு செய்ய இயலும். கிண்ணத்திற்கு முன்னே வளரும் வேப்பங்கிளையைக் கொழும்பிலுள்ள திரை காட்டாது. அலையின் வலு மாதத்துக்கு மாதம் குறைவதை மட்டுமே அது காட்டும். கிளையைக் காண்பவர் ஊரவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரே வழியை நம்பியிருத்தல் ஆபத்தானது. ஆனையிறவு என்னும் ஒடுங்கிய தரைவழியில் தங்கிய குடாநாடு, செய்தி விடயத்திலும் ஒற்றை வழியிலேயே நெடுங்காலம் தங்கியிருந்தது. போரின் பின் கண்ணாடி நாரிழை வடங்கள் வந்துள்ளன. எனினும் வடத்திற்குத் துணையாக வானலையும், வானலைக்குத் துணையாக வடமும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, தொடர்பு திடீரென அறுவதில்லை. சேமநிதி தேய்ந்தே அறுகின்றது. ஆகவே அளவீடுகளை நாள்தோறும் குறித்து வைக்கும் ஒரு கொப்பி, கோபுரத்திற்கு நிகரான உறுப்பாகும். தொடர்பு நன்றாயிருந்த முதல் நாளில் எடுத்த அளவீடு அக்கொப்பியில் இல்லையெனின், பின்னாளில் எது கெட்டதென்று ஒப்பிட்டறிய வழியிராது. மூன்றாவது, அறிவு முனையில் இருத்தல் வேண்டும். பழுதைத் திருத்த வல்லவர் பழுது நேருமிடத்தில் இல்லையெனின், தொடர்பு இரவல் தொடர்பே.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில், கொக்காவிற் கோபுரத்துக்கு அணித்தே அமைந்துள்ளது. அங்கு பயிலும் மாணவர் நுண்ணலையின் சமன்பாடுகளைப் பாடநூலிற் கற்கின்றனர். அச்சமன்பாடுகளில் தூரம் உண்டு, மீடிறன் உண்டு, இழப்பு உண்டு. தமது தந்தையரும் தாயரும் துவிச்சக்கரவண்டியின் மிதியைச் சுழற்றிக் கேட்ட, மறுமொழி சொல்ல முடியாதுபோன செய்திகள் அவற்றில் இல்லை. அவ்விரண்டையும் சேர்த்துக் கற்கும் தலைமுறையே இத்தொடர்புகளைக் காக்கும் தகுதியுடையதாகும். தீவுகளில் ஒரு நோயாளி மருத்துவரின் முகத்தைத் திரையிற் காணும் ஒவ்வொரு நாளும், எங்கோ ஒருவர் அன்று காலை அளவீட்டைப் பார்த்துக் கொப்பியிற் குறித்திருப்பார். அவர் பெயரையும் இனி எழுதப்படும் வரலாறு அறிந்திருத்தல் வேண்டும்.